ஆல்ஃபிரிஸ்டன் குருமனை: முன்சுவர் ஏன் நடுவில் உள்வாங்கி நிற்கிறது?

வரைபலகை:
வணக்கம். இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், குக்மியர் ஆற்றை ஒட்டிய ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் உள்ள பழைய குருமனையை (பாதிரியார் குடியிருந்த வீடு) முன்வைத்து 1:20 அளவில் ஒரு மரச்சட்டக மாதிரி செய்யத் திட்டம். பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். 1896இல், வெறும் 10 பவுண்டுக்கு. வரைபடம் போடும்போது மூன்று இடங்களில் சந்தேகம்.

ஒன்று, இரு ஓரங்களிலும் மாடி முன்தள்ளி நிற்கிறது, நடுப்பகுதி உள்வாங்கியிருக்கிறது. ஆனால் கூரையின் இறவாரம் கடைசிவரை ஒரே நேர்கோடு. நடுவில் அந்த இறவாரத்தைத் தாங்குவது எது? இரண்டு, கூரை முகட்டில் நீள வளையே இல்லையே, கைமரங்கள் சாயாமல் எப்படி நிற்கின்றன? மூன்று, தூண், நீள உத்திரம், குறுக்கு விட்டம் மூன்றும் ஒரே மூலையில் சேருகின்றன. எது எதன்மேல் உட்காருகிறது?

கழுந்தும் துளையும்:
நல்ல கேள்விகள் தம்பி. இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர். கென்ட், சசெக்ஸ், சர்ரே மூன்றும் பங்குபோடும் வீல்ட் என்ற களிமண் காட்டுப்பகுதியிலிருந்து வந்த பெயர். ஓக் மரம் தாராளமாகக் கிடைத்த நிலம். கென்ட்டில்தான் இவை மிக அதிகம், ஆனால் தொலைவில் கோவென்ட்ரி நகரத் தெருக்களிலும் இந்த வடிவம் உண்டு.

முதலில் தரைப்படத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது கூடம். தரையிலிருந்து கூரை வரை திறந்த ஒரே அறை, மாடி கிடையாது. பெரும்பாலும் இரண்டு அங்கணம் (தூண்வரிசைக்கும் அடுத்த தூண்வரிசைக்கும் இடைப்பட்ட பகுதி) நீளம். ஒரு கோடியில் குறுக்கு நடை, வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் அங்கே எதிரெதிரே. அதைத் தாண்டினால் இரண்டு சிறு பணியறைகள், ஒன்று பானங்களுக்கு, ஒன்று உணவுப் பொருளுக்கு. மறுகோடியில் வீட்டுக்காரர் உட்காரும் மேல்தலைப்பக்கம், அதற்குப் பின்னால் ஒரு உள்ளறை, மேலே படுக்கையறை. ஆக இரு கோடிகளும் மாடி உள்ளவை, நடு மட்டும் வெறுமை.

உள்வாங்கியது போலத் தெரிவதற்கு விடை இங்கேயே இருக்கிறது. கூடத்தின் சுவர் உள்ளே போகவில்லை. மூன்று பகுதிக்கும் கீழ்ச்சுவர் ஒரே கோட்டில்தான். கோடிகளில் மாடித்தளத்தின் விட்டங்கள் சுவரைத் தாண்டி முன்னே நீள்வதால் மேல்மாடி வெளியே வருகிறது. கூடத்துக்குத் தளமே இல்லாததால் அங்கே தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கூரை மட்டும் மாடிகளின் முன்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

இறவாரத்தைத் தாங்குவது காற்றில் மிதப்பது போன்ற ஒரு நீள உத்திரம். ஒரு மாடியின் மூலைத்தூணிலிருந்து மறு மாடியின் மூலைத்தூண் வரை அது போகிறது. இரு பக்கத் தூண்களிலிருந்தும் வளைந்த முட்டுச்சட்டங்கள் அதை ஏந்தும். உங்கள் மாதிரியில் இந்த வளைமுட்டுகளைச் சேர்க்காவிட்டால் வீட்டின் முகமே போய்விடும்.

தளிர்க்கொடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கூடத்துக்கு நடுவில் அடுப்பு, புகைபோக்கி இல்லை என்று படித்தேன். வேய்ந்த கூரைக்குக் கீழே திறந்த நெருப்பா? புகை எங்கே போனது?

கழுந்தும் துளையும்:
ஆமாம், தரையிலேயே அடுப்பு. ஆனால் நட்டநடுவில் இருக்காது. நடு விட்டத்துக்கு நேர்கீழே வராமல், பொதுவாக மேல்தலைப்பக்க அங்கணத்தில். புகை உயரே ஏறிக் கூரைக்குள் தங்கி, ஓரச்சரிவுகளின் உச்சியில் விட்டிருக்கும் சிறு முக்கோணத் திறப்புகள் வழியாக மெல்ல வெளியேறும். சில வீடுகளில் முகட்டில் பலகைக் கூண்டும் உண்டு. கூரை அவ்வளவு உயரமாக இருப்பதற்கு இதுவும் காரணம்: ஆள் நிற்கும் மட்டத்துக்கு மேலே புகை தேங்க இடம் வேண்டும். பொறி மேலே போவதற்குள் அணைந்துவிடும் உயரமும் அதுதான்.

சன்னல்களில் கண்ணாடி கிடையாது. சதுரக் கம்புகளை 45 பாகையில் திருப்பி, முனை வெளியே பார்க்க நட்டிருப்பார்கள். உள்ளே பலகைக் கதவு. காற்று வீசும் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்து புகையைச் சமாளித்தார்கள்.

வரைபலகை, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குறுக்கு விட்டத்தின் நடுவில் ஒரு குட்டைத்தூண் நிற்கும். கிரௌன் போஸ்ட் என்பார்கள், முடித்தூண் என்று வைத்துக்கொள்வோம். அதன் தலையில் வீட்டின் நீளத்துக்கு ஒரு வளை. ஒவ்வொரு கைமர ஜோடியையும் பாதிக்கு மேலே ஒரு குறுக்குச்சட்டம் இணைக்கிறது; அந்தக் குறுக்குச்சட்டங்கள் எல்லாம் இந்த வளையின் மேல் உட்காருகின்றன. முடித்தூணிலிருந்து நான்கு திசையிலும் சிறு வளைமுட்டுகள். முகட்டில் கைமரங்கள் ஒன்றோடொன்று பாதி வெட்டிப் பொருத்தி, ஒரு மரஆணியோடு முடிந்துவிடும். நீள வளை தேவைப்படாது. கைமரங்கள் சீட்டுக்கட்டு போல ஒரு பக்கமாகச் சரியாமல் காப்பது நடுவளையும் நீளவாக்கு முட்டுகளும்தான்.

பலர் முடித்தூணை முகடு வரை இழுத்து வரைகிறார்கள். தவறு. அது குறுக்குச்சட்ட மட்டத்தோடு நின்றுவிட வேண்டும். இன்னொன்று: கைமரத்தின் அகலப் பக்கம் கிடையாக, தட்டையாக வரும். தளத்தின் சிறு விட்டங்களும் அப்படியே. இன்றைய பழக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி வரைந்துவிடாதீர்கள்.

வரைபலகை:
மிக்க நன்றி அண்ணா. கைமரத்தைச் செங்குத்தாகத்தான் வரைந்து வைத்திருந்தேன். மூன்றாவது மூலைக்காகக் காத்திருக்கிறேன்.

கழுந்தும் துளையும்:
மூலைக்கு வருவோம். இங்கிலாந்துத் தச்சர்கள் சில நூற்றாண்டுகள் மாற்றாமல் வைத்திருந்த மூட்டு இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தூணை மரம் வளர்ந்த திசைக்குத் தலைகீழாக நிறுத்துவார்கள். வேர்ப்பக்கம் பருத்திருக்கும் அல்லவா, அந்தப் பருமன் மேலே வரும். தூணின் தலை உள்பக்கமாகப் புடைத்து அகன்றிருப்பது அதனால்தான். அந்த அகன்ற தலையில் இரண்டு கழுந்துகள், அதாவது அடுத்த மரத்தின் துளைக்குள் செருகும் நாக்குகள். வெளிப்பக்கக் கழுந்து நீள உத்திரத்துக்குள் போகும். உள்பக்கத்தில், சற்று உயரத்தில் இருக்கும் மற்றது, முதலாவதற்குக் குறுக்காகத் திரும்பி, விட்டத்தின் அடியில் நுழையும். விட்டம் நீள உத்திரத்தின் மேல் டவ்டெயில் வெட்டில், அதாவது புறா வால் போல விரிந்த வெட்டில், இறங்கி அமரும். கூரையின் பாரம் நீள உத்திரத்தை வெளியே தள்ளப் பார்க்கும். விட்டத்தின் டவ்டெயில் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும். டவ்டெயில் காய்ந்து சுருங்கித் தளர்ந்தாலும் தூணின் உள்கழுந்து விட்டத்தை விடாது. ஒன்று சோர்ந்தால் மற்றது ஏந்தும்.

ஆணி அடிக்கும் முறை. ஓக் மரத்தை வெட்டிய பச்சையிலேயே இழைத்துவிடுவார்கள். காய்ந்த ஓக் உளிக்குப் பணியாது. பச்சை மரம் சுருங்கும். நீளவாக்கில் ஏறத்தாழ இல்லை, குறுக்கே 200 மி.மீ. தூணில் 10 மி.மீ. வரை போகலாம். இதற்காகத் துளைகளை வேண்டுமென்றே விலக்கிப் போடுவார்கள். முதலில் துளையுள்ள மரத்தில் ஆணித்துளை. கழுந்தை உள்ளே செருகி அந்தத் துளை வழியாகக் குறியிட்டு, வெளியே எடுத்து, குறியிலிருந்து தோள்பக்கமாக (கழுந்து தொடங்கும் பக்கமாக) ஏறத்தாழ 3 மி.மீ. தள்ளிக் கழுந்தைத் துளைக்க வேண்டும். கூர்ந்த மரஆணியை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். விலகல் கூடினால் ஆணி முறியும், அல்லது கழுந்தின் நுனி பிளக்கும். ஆணி காய்ந்த ஓக்கில், அறுக்காமல் பிளந்து செய்ததாக இருக்க வேண்டும். அறுத்த ஆணியில் இழை குறுக்கே ஓடிவிடும். வளைந்த பாதையில் போகும்போது அங்கேதான் ஒடியும்.

தளிர்க்கொடி:
தூண்களில் பயனில்லாத வெற்றுத் துளைகள் நிறைய இருக்கின்றன. பழைய கப்பல்களை உடைத்த மரம் என்று சுற்றுலாக் குறிப்புகளில் வருகிறதே, உண்மையா?

புகைக்கரி:
தளிர்க்கொடி, அந்தக் கதை இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒவ்வொரு மரச்சட்டக வீட்டுக்கும் சொல்லப்படுகிறது. கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் வீடுகளுக்கும் சொல்கிறார்கள். கப்பல் மரம் வளைவும் உப்பும் இரும்பு ஆணித்துளைகளும் கொண்டது. வீட்டுச் சட்டகத்துக்கு எளிதில் ஒத்துவராது. காடே பக்கத்தில் இருக்கும்போது பச்சை ஓக்கை விட்டு அதை இழைக்க எந்தத் தச்சரும் மெனக்கெட மாட்டார்.

வெற்றுத் துளைகளுக்கு உண்மையான காரணங்கள் வேறு. எடுத்துவிட்ட சுவர், எடுத்துவிட்ட சன்னல், எடுத்துவிட்ட முட்டுச்சட்டம், அல்லது வேறு வீட்டிலிருந்து வந்த மரம். அந்த வெறுமைதான் வீட்டின் வரலாறு. படிக்கும் விதம் இது:

நீள உத்திரத்தின் அடியில் சம இடைவெளியில் சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால் அங்கே கம்புச் சன்னல் இருந்தது. பக்கத்தில் நீளப் பள்ளம் ஓடினால் அது தள்ளும் பலகைக் கதவுக்கு. இன்று மாடி அறையாக இருக்கும் இடத்துக்கு மேலே, கூரைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கைமரங்கள் கன்னங்கரேலென்று புகை படிந்திருந்தால் கீழே இருந்தது திறந்த கூடம். குறுக்குத் தடுப்பின் ஒரு முகம் கருப்பு, மறுமுகம் வெளிர் என்றால் அதுதான் கூடத்தின் எல்லை. அந்தக் கோட்டை வைத்துப் பழைய தரைப்படத்தையே வரைந்துவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவியதும் இந்தக் கூடங்களுக்குள் தளம் போட்டு மாடியாக்கினார்கள். புதுத்தளத்தின் விட்டம் பழைய தூணில் எப்படி ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே பின்னால் வந்தது தெரிந்துவிடும்.

மரங்களில் ரோம எண்கள் செதுக்கியிருக்கும். தச்சர் தம் முற்றத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, கட்டும் இடத்துக்குக் கொண்டுவந்த அடையாளம். நான்கை நான்கு கோடாகத்தான் போடுவார்கள். எண் வரிசை ஓரிடத்தில் தாவினால் ஒரு அங்கணம் காணாமல் போயிருக்கிறது என்று ஐயப்படலாம்.

காலம் கணிக்க மரவளையம்தான் உறுதியான வழி. குறைந்தது 50 வளையம் வேண்டும். பட்டையின் விளிம்பு மிஞ்சியிருந்தால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லலாம். பச்சையில் இழைத்த மரம் என்பதால் வெட்டிய ஓரிரு ஆண்டுகளுக்குள் வீடு எழுந்துவிட்டது என்று கொள்வார்கள்.

நீற்றுக்கல்:
எல்லாரும் சட்டகத்தையே பேசுகிறீர்கள். சுவரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வீடுகள் இன்று அழிவது பெரும்பாலும் சுவரில் செய்த தவறால்.

சட்டங்களுக்கு நடுவே இருப்பது வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர். நம் கிராமங்களிலும் இலங்கையிலும் தெரிந்த அதே உத்தி, கம்பும் மண்ணும்தான் வேறு. மேல்சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள், கீழ்ச்சட்டத்தின் மேல் நீளமான பள்ளம். பிளந்த ஓக் குச்சியை மேல்துளையில் ஏற்றி, கீழே பள்ளத்தில் நழுவவிட்டால் இறுகி நிற்கும். அதற்குக் குறுக்கே ஹேசல் கொம்புகளைக் கூடைபோலப் பின்ன வேண்டும். மண்சாந்துக்குக் களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், பசுஞ்சாணம். இரண்டு பேர் சுவரின் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் எதிரெதிராக அப்ப வேண்டும். ஒரு பக்கமாக அப்பினால் பின்னல் வளைந்து மண் மறுபக்கம் விழும். காயும்போது ஓரங்களில் வெடிப்பு வரும். பயப்பட வேண்டாம், அது பாதி காய்ந்த நிலையில் நீர் தெளித்து அழுத்திவிட வேண்டும். மண் மரத்தின் முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே நிற்கட்டும், சுண்ணாம்புப் பூச்சு வந்தபின் மரத்தோடு சமமாகும். பூச்சு மரத்தைத் தாண்டிப் புடைத்தால் அந்த விளிம்பில் மழைநீர் தங்கும்.

பூச்சு: முதிர்ந்த சுண்ணாம்பு விழுது 1, கூர்மணல் 3. விழுது குறைந்தது 3 மாதம் நீருக்கடியில் ஊறியிருக்க வேண்டும். ஆட்டு மயிர் சேர்ப்பார்கள், ஒரு கன மீட்டருக்கு 5 கிலோ அளவில். மயிரைப் பூசும் நாளில்தான் கலக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பில் வாரக்கணக்கில் கிடந்தால் அது கரைந்து வலுவிழக்கும். ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெப்பம் 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் தொடவே கூடாது: உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிந்து பூச்சைப் பொடியாக்கும். பிறகு பால் பதத்தில் வெள்ளை, சுவரை நனைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஒரு கோட்டாக நான்கைந்து. கெட்டியாக ஒரே கோட்டு அடித்தால் உதிரும்.

இனி சிமெண்ட். 20ஆம் நூற்றாண்டில் மண்ணை எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசிய வீடுகள் ஏராளம். ஓக் சட்டம் பருவத்துக்குப் பருவம் சற்று விரியும், சுருங்கும். சிமெண்ட் அசையாது. ஆகவே மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். மழைநீர் அதில் உறிஞ்சப்பட்டு உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. முகம் நன்றாக இருக்கும். பின்புறம் கையால் பிய்க்கலாம். இடைவெளியை சிலிகான் வைத்து அடைத்தால் கேடு இரட்டிப்பு.

செங்கல்மாறன்:
நீற்றுக்கல் ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் விழுதுச் சுண்ணாம்பு இறுக மாதங்கள் ஆகும். இங்கிலாந்து மழையில், தென்மேற்கைப் பார்த்த சுவரில், அது இறுகுவதற்குள் கழுவிக்கொண்டு போய்விடாதா? நீரிலேயே இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு, என்.எச்.எல். 3.5 என்ற தரத்தில், வைத்தால் என்ன? சிமெண்டும் இல்லை, சீக்கிரமும் முடியும்.

நீற்றுக்கல்:
அடிவாரத்துக் கல்கட்டுக்கும் செங்கல்கட்டுக்கும் தாராளமாக வைக்கலாம் மாறன். புகைபோக்கியின் மேல்பகுதிக்கும் ஏற்றது. வரிச்சுச் சுவரில் மட்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்னல் அசையும், மண் அசையும். மேலே கடினமான பூச்சு போட்டால் தட்டாகப் பெயரும். பூச்சு எப்போதும் தனக்குக் கீழே இருப்பதைவிட மென்மையாக இருக்க வேண்டும். மழைக்குப் பரிகாரம் காலத்தில் இருக்கிறது: ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரோடு முடிப்பது, ஈரச்சாக்குத் திரை கட்டுவது. அதோடு இறவாரம் அந்த அளவு வெளியே நீள்வதும் மாடி முன்தள்ளுவதும் கீழ்ச்சுவரை நனையாமல் காக்கின்றன.

செங்கல்மாறன்:
சரி, மென்மை பற்றிய நியாயம் புரிகிறது. கல்கட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். மரத்துக்குக் கருப்பு அடிப்பது?

புகைக்கரி:
தென்கிழக்கில் அடிக்காதீர்கள். கருப்பு மரம், வெள்ளைச் சுவர் என்ற பளிச்சிடும் தோற்றம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து விருப்பம். இங்கே ஓக்கைச் சாம்பல் வெள்ளியாக விட்டுவிடுவார்கள், அல்லது மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்படிப்பார்கள். எண்ணெய்ப் பெயிண்ட் மரத்துக்குள் ஈரத்தைப் பூட்டும். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி, பூஞ்சை மென்மையாக்கிய ஓக்கில்தான் மரம் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு குடியேறும். அதன் துளை 3 மி.மீ. இருக்கும். துளை பார்த்ததும் மருந்து தெளிப்பதால் உள்ளே ஆழத்தில் இருக்கும் புழு சாகாது. ஈரம் வரும் வழியை அடைத்து மரத்தைக் காயவிடுவதே மருத்துவம்.

தளிர்க்கொடி:
ஒரு பெரிய கேள்வி. கென்ட்டின் சிடிங்ஸ்டோனிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய் மேற்கு சசெக்ஸ் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் நிறுத்திய பேலீஃப் வீட்டில், பின்னால் வந்த புகைபோக்கி, தளம் எல்லாவற்றையும் விலக்கிப் பழைய கூடத்தைத் திரும்ப உண்டாக்கியிருக்கிறார்கள். இது சரியா?

புகைக்கரி:
எனக்கு இதில் இன்றும் மனம் ஒப்பவில்லை. 1877இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே இந்த வகை மீட்டமைப்பை எதிர்த்துத்தான். பழுது பார், பழமையைத் திரும்பச் செய்யாதே என்பது அவர்கள் நிலை. நானூறு ஆண்டு வாழ்ந்தவர்கள் வைத்த புகைபோக்கியும் அந்த வீடுதான்.

கழுந்தும் துளையும்:
கொள்கையை மதிக்கிறேன். ஆனால் பேலீஃப் தன் இடத்தில் நிற்க முடியாத வீடு. போ பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த நிலமே போனது. பிரித்தபோது ஒவ்வொரு வெற்றுத் துளையும் அளக்கப்பட்டது. மீட்டெடுத்த வடிவம் அந்தத் துளைகள் சொன்னது. கூடமும் பணியறைக் கோடியும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம், மேல்தலைக் கோடி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அந்த வேறுபாட்டை மறைக்கவும் இல்லை. புகை நிறைந்த கூடம் எப்படி இருந்தது என்பதை உடம்பால் உணர ஓரிடமாவது வேண்டும். தன் நிலத்திலேயே நிற்கும் வீட்டில் இதைச் செய்வதை நானும் எதிர்ப்பேன்.

புகைக்கரி:
தன் நிலத்தில் செய்யக்கூடாது என்றால் நாம் ஒரே பக்கம்.

செங்கல்மாறன்:
கடைசியாக என் பங்குக்கு, தூண்கள் நிற்கும் அடிச்சட்டத்தை மாற்றுவது பற்றி. அடிக்கடி தவறு நடக்கும் இடம். முதலில் அனுமதி: அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த கட்டடத்தில் அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது இங்கிலாந்தில் குற்றம். அடுத்து காரணம். நூற்றாண்டுகளாகத் தெருவும் தோட்டமும் உயர்ந்து அடிச்சட்டத்தைத் தொட்டிருக்கும். மண்ணை 150 மி.மீ. ஆவது கீழே இறக்காமல் புது மரம் வைத்தால் அதுவும் மக்கும்.

பாரத்தை நடுச்சட்டத்தில் குறுக்குக்கட்டை செருகி இரும்பு முட்டுகளில் வாங்குங்கள். தாங்கினால் போதும், தூக்காதீர்கள். வீடு சாய்ந்தே அமர்ந்து பழகிவிட்டது. ஜாக்கி வைத்து நேராக்கினால் மேலே கழுந்துகள் உடையும். தூண்களின் கழுந்து கீழே தொங்குவதால் புதுச்சட்டத்தைக் கீழிருந்து ஏற்ற முடியாது. துளையை ஒரு பக்கம் திறந்ததாக வெட்டி, பக்கவாட்டில் தள்ளி, பிறகு திறந்த பக்கத்தில் கட்டை வைத்து மூட வேண்டும். தூணின் அடி மக்கியிருந்தால் தூண் கனத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு நீளத்துக்கு ஒட்டு. ஒட்டுக்குக் காய்ந்த ஓக். பச்சையை வைத்தால் பழைய மரத்தை விட்டுச் சுருங்கி விலகும். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஓக்கின் துவர்ப்பு அமிலம் சாதாரண இரும்பைத் தின்றுவிடும்.

வரைபலகை:
எல்லாருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல்: 20 மி.மீ. மரஆணி 1:20இல் 1 மி.மீ. ஆகிறது. 3 மி.மீ. விலகல் 0.15 மி.மீ. அதைக் காட்டவே முடியாது.

கழுந்தும் துளையும்:
முழு வீட்டில் ஆணியை வெறும் புள்ளியாக விடுங்கள் தம்பி. அந்த மூலையை மட்டும் தனியாக 1:5இல் செய்யுங்கள். தூண் 40 மி.மீ., ஆணி 4 மி.மீ., விலகல் 0.6 மி.மீ.; கையால் அடிக்கும்போது இழுப்பது தெரியும். கோர்க்கும் வரிசை தூண், பிறகு நீள உத்திரம், அதன்பின் விட்டம், கடைசியில் கைமரம். விட்டத்தை முதலில் வைத்தால் நீள உத்திரம் உள்ளே வராது.